ஒன்பது மணி வரைக்கும் புரதம்

மூடியைத் திறந்ததும் வாஃபிளின் மேல் பாதி மேல்தட்டோடு போய்விட்டது. கீழ் பாதி கீழ்த்தட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. நடுவில் இருந்த வேகாத மாவு எந்தப் பக்கமும் போக மனமில்லாமல் நூலாக நீண்டு, அறுந்து, சமையல் மேடையில் சொட்டியது. மணி ஆறு பத்து.

கரண்டியும் கையுமாக மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் அவன். இரண்டு கதவுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால் எங்கே தட்டவேண்டும், எங்கே எண்ணெய் விடவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். ஆனால் அந்தக் கதவுகளுக்கு நடுவில் இதுவரை முட்டை இருந்ததில்லை.

"மாப்பிள்ளை, கருகற வாசனை வருதே" என்று கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"முதல் ஈடு அப்படித்தான் மாமா இருக்கும். அடுத்தது சரியாயிடும்."

சொன்னானே தவிர, அடுத்தது எப்படிச் சரியாகும் என்று அவனுக்கே தெரியாது. இதற்கு முன் அவன் அடுப்படியில் செய்த பெரிய காரியம், கேஸ் குழாயை மாற்றியதுதான்.

மாமனார் இந்த வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் முடிந்தால் மூன்று வாரம் படுக்கை. அந்த மூன்று வாரம் யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். மெக்கானிக்கின் மனைவி தொலைதூர பஸ் ஓட்டுகிறவள். விடியுமுன் போனால் மறுநாள்தான் வருவாள். மிச்சம் இருப்பது மாப்பிள்ளை ஒருவன்.

முந்தாநாள் சாப்பிடும்போது மாமனார் பேச்சோடு பேச்சாக ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பற்றிச் சொன்னார். விசாரித்துவிட்டாராம். அறை காலியாக இருக்கிறதாம். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டுமாம். "மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்" என்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அது மெக்கானிக்கின் காதில் வேறு மாதிரி விழுந்தது. இந்தாளுக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது, இவனை நம்பி எப்படிப் படுக்கிறது என்று விழுந்தது. அன்று இரவு அவன் தூங்கவில்லை. சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவன். வீட்டில் பெரிய மனிதர் என்று அவனுக்கு வாய்த்தவர் இந்த மாமனார் ஒருவர்தான். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து 'நல்லாயிருக்கு' என்று ஒரு வார்த்தை வாங்க அவன் படாத பாடில்லை. அவர் ஒரு முன்பின் தெரியாத இடத்தில், யாரோ ஊட்டிவிடச் சாப்பிடுவதை நினைத்தால் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அவரிடம் நல்ல பெயர் வாங்குவது லேசான காரியம் இல்லை. முப்பது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். வரிசையாக வரும் பிஸ்கட்டில் ஒன்றை எடுப்பார், திருப்புவார், காதருகே வைத்து உடைத்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் ஒரே வார்த்தை: "தள்ளு." லாரி லாரியாகச் சரக்கு அந்த ஒரு வார்த்தையில் திரும்பிப் போயிருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் காலை ஐந்து மணிக்கு மனைவியிடமிருந்து போனில் அந்தச் செய்தி வந்தது. அவள் கையால் எழுதுகிற வழக்கம் இல்லை. டிப்போவில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டே வாயால் சொல்வாள், போன் எழுதிக்கொள்ளும். செய்தி இதுதான்: "ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வருவாங்க. அது வரைக்கும் அப்பாவுக்கு புரதம்தான். காபி கூடக் குடுத்துடாதீங்க. உங்களை நம்பித்தான் போறேன்."

மெக்கானிக் அதை மூன்று முறை படித்தான். உடம்பு தேறியிருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறது, அதற்குள் மனிதருக்குத் தெம்பு ஏற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டான். கடைசி வரியைப் படித்தபோது அவன் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

புரதம் என்றால் முட்டை. ஆனால் முட்டையை முட்டையாகப் பார்த்தாலே மாமனாருக்குக் குமட்டும். பயறு வாயு. சத்துமாவைப் பாலில் கலக்கிக் கொடுத்தால் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு என்பார். ஆக, புரதத்தை எதற்குள்ளாவது ஒளித்துவைத்துத்தான் கொடுக்க வேண்டும். போனில் தேடினான். சட்டைக்கை கிழியுமளவுக்குப் புஜம் வைத்த ஓர் ஆள், ஓட்ஸ் மாவு, கட்டித் தயிர், முட்டை, புரதப் பவுடர் நான்கையும் அடித்து ஊற்றி, கட்டம் கட்டமாக வாஃபிள் எடுத்துக் காட்டினான். ஒரு வாஃபிளில் இருபத்தெட்டு கிராம் புரதம், பத்தே நிமிடம் என்று சத்தியம் செய்தான். மனைவிக்கு டிப்போ விழாவில் பரிசாகக் கிடைத்த வாஃபிள் இயந்திரம் பரண்மேல் பெட்டியோடு கிடந்தது. வேறென்ன வேண்டும்?

ஐந்தே முக்காலுக்கு மிக்ஸியில் ஓட்ஸை ஓடவிட்டபோது மாமனார் எழுந்து வந்துவிட்டார். விஷயம் கேட்டார். "எனக்குக் காலையில ஒண்ணும் வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க போய்ப் படுங்க" என்றார்.

தன் முகம் சுருங்கியது மெக்கானிக்குக்கே தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். மிக்ஸியைப் பார்த்தார், மேடைமேல் வரிசையாக உடைத்து வைத்த முட்டை ஓடுகளைப் பார்த்தார். "சரி சரி, செய்ங்க. பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். காபி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் விழித்ததும் காபி இல்லாவிட்டால் வீட்டை இரண்டாக்குகிறவர். எவ்வளவு பெரிய மனசு என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்த இரண்டு பாதிகளையும் சுரண்டி எடுத்து, நடுவில் கட்டித் தயிரைச் சிமெண்டு போலப் பூசி, ஒன்றாக ஒட்டினான். பார்வைக்கு ஒருவழியாக முழுசாகத் தெரிந்தது. தட்டைக் கொண்டுபோய் மாமனார் முன்னால் வைத்தான்.

அவர் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"உடைஞ்ச சரக்கா இருக்கே மாப்பிள்ளை. முப்பது வருஷப் பழக்கம். உடைஞ்சதைத் தொடக் கை வரமாட்டேங்குது."

"தள்ளிடவா மாமா?"

"தள்ளிடுங்க" என்றார், தரையைப் பார்த்தபடி.

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. ஒட்டிக்கொள்வதுதான் கோளாறு என்றால் அது அவன் துறை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தட்டில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினான். மாவு வந்தது. கூடவே தட்டின் கறுப்புப் பூச்சும் வந்தது. பூச்சு போன இடத்தில் இன்னும் நன்றாக ஒட்டுமே என்று எண்ணெயைத் தாராளமாக விட்டான். லிஃப்ட் தண்டவாளத்துக்கு விடுகிற அளவு. இயந்திரத்தை மூடிய மறுநிமிடம் நாலு பக்கமும் புகை கிளம்பியது. ஜன்னலைத் திறக்க ஓடினான். அதற்குள் கூரையில் இருந்த தீ எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்தது. ஸ்டூலில் ஏறித் துண்டால் விசிறினான். விசிறிய புகை நடைவழிக்குப் போய், அங்கிருந்த பெரிய மணியையும் எழுப்பிவிட்டது.

அவ்வளவுதான், ஆறு மாடியும் படியிறங்கியது. பெரிய மணி அடித்தால் லிஃப்ட் தானாகத் தரைத்தளத்துக்குப் போய், கதவைத் திறந்துகொண்டு நின்றுவிடும். போன வருடம் அந்த ஏற்பாட்டைப் பொருத்தியதே மெக்கானிக்தான். மறுபடி ஓட்டச் சாவி போட வேண்டும். சாவி கம்பெனி ஆபீசில். ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு.

கீழே கூடியிருந்தவர்களிடம் சின்னப் புகைதான், பயப்பட ஒன்றும் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டான். தலையில் ஈரத்துண்டும் இடுப்பில் பூனையுமாக நின்ற எதிர்வீட்டு வக்கீலம்மா, என்ன புகைந்தது என்று கேட்டார்.

"டிபன் மேடம்."

"யாருக்கு?"

"என் மாமனாருக்கு."

வக்கீலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாமத்தான் நடந்ததுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எல்லாரும் கீழே நிற்கிறார்கள். மாமனார்? குடலிறக்கத்தோடு படியிறங்கக்கூடாதவரைப் புகைக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறான். இரண்டிரண்டு படியாக ஆறு மாடியும் ஏறினான்.

மாமனார் பால்கனியில் பத்திரமாக இருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"ஆமாம்மா, ஒரே புகை... இல்லம்மா, விடமாட்டேங்கறாரு. மறுபடியும் செய்வாரு, பார்த்துக்கிட்டே இரு. இப்ப என்னம்மா சொல்லட்டும்?"

மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றான். மூச்சு வாங்கியது படியேறியதால் மட்டும் இல்லை. மகளிடம் புகார் போய்க்கொண்டிருக்கிறது. மெல்லக் குளியலறைக்குள் நுழைந்து மனைவியின் எண்ணைப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன் என்பாள். புருஷன் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள், அப்பா கூப்பிட்டால் மட்டும் எடுப்பாளாக்கும் என்று போனைச் சட்டைப்பையில் திணித்தான்.

புகைக்குள்ளிருந்து மீட்ட இரண்டாவது வாஃபிளை மாமனார் முகர்ந்து பார்த்தார். புகைவாசனை அடிப்பதாக, ரொம்பத் தயங்கிச் சொன்னார். தள்ளப்பட்டது.

மணி ஏழரை. மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முட்டை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய்வர நேரமில்லை. எதிர்வீட்டு வக்கீலம்மாவிடம் போய் நின்றான். அவர் நாலு முட்டையைக் கொடுத்து, இதற்கு மேல் என்ன நடந்தாலும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இந்தத் தடவை இரண்டு முட்டையோடு, நஷ்டமான புரதத்தையும் சேர்த்து ஈடுகட்டிவிடலாம் என்று பவுடரை மூன்று பங்காகப் போட்டான். மாவு கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. கையால் அமுக்கி மூடினான். வெந்து வந்த வாஃபிளைத் தட்டில் போட்டபோது அது ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு உட்கார்ந்தது.

மாமனார் ஒரு விரலால் அமுக்கினார். விரலை எடுத்ததும் குழி மூடிக்கொண்டது. இன்னொரு தடவை அமுக்கினார்.

"ஒரு நிமிஷம் மாப்பிள்ளை" என்று எழுந்து பால்கனிக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடுகள் அசைந்தன. திரும்பி வந்து, பல் ஆடுகிறது, இவ்வளவு கெட்டியாக இருந்தால் கடிக்க முடியாது என்றார். நேற்று ராத்திரி இதே பல்லால் கொட்டை உடைத்தவர்.

மெக்கானிக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவர் அந்த இல்லத்துக்குப் போன் செய்வார். மகளும் சரி என்பாள், மூன்று தடவை புகார் கேட்டாயிற்றே. ஆனாலும் மேடைமேல் இன்னும் இரண்டு முட்டை இருந்தது.

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தான். புஜம் வைத்த ஆளை மறந்தான். ஒரு புது லிஃப்டைப் பொருத்துகிற மாதிரி நிதானமாக ஆரம்பித்தான். ஓட்ஸ் மாவைச் சலித்தான். வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்தான். தயிரில் தண்ணீரை வடித்தான். பவுடரை அளந்து ஒரே ஒரு கரண்டி. ஒரு வாழைப்பழத்தை மசித்து, சிட்டிகை உப்பும் போட்டான். பூச்சு போன தட்டில் பேப்பரை மடித்து எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவினான். ஊற்றி மூடினான். திறந்து பார்க்கக் கை பரபரத்தது. இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

எட்டே முக்காலுக்குத் திறந்தான். பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று, கட்டம் கலையாமல் முழுசாக வந்தது. வாசனை கூடம்வரை போயிற்று. மெக்கானிக்கின் வயிறே ஒரு சத்தம் போட்டது.

மாமனார் அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். ஓரத்தில் துளி விண்டு காதருகே நொறுக்கிக் கேட்டார். கண்ணை மூடினார். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதை மெக்கானிக் பார்த்தான். அப்பாடா என்று இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்று வாஃபிளைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவர் மறுபடியும் பால்கனிக்குப் போனார். இந்தத் தடவை ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார்.

"உப்பு கம்மி மாப்பிள்ளை."

"நீங்க வாயிலயே வைக்கலையே மாமா."

அவர் தட்டின் ஓரத்தை விரலால் துடைத்தார்.

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது எல்லாம் மெக்கானிக்குக்கு அப்போது பொங்கிவிட்டது. அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "வேண்டாம் மாமா. நீங்க சாப்பிட வேண்டாம். என் கையால சாப்பிடப் பிடிக்கலைன்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் உங்க பொண்ணுகிட்ட போன் போட்டு என் மானத்தை வாங்கணுமா? அந்த இல்லத்துக்கே போய்க்கோங்க. நான் தடுக்கலை."

"பொண்ணுகிட்டயா?" என்றார் மாமனார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வாசல் மணி அடித்தது.

கையில் ஒரு பெட்டியோடு இளம்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் எடுக்க வந்தவள். லிஃப்ட் ஓடாததால் ஆறு மாடியும் படியேறி வந்து, பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் தண்ணீர் கொடுத்தான். அதற்கும் தானே காரணம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நேத்து ராத்திரியிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டாரா சார்?" என்று கேட்டாள், ஊசியைப் பிரித்தபடி.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லம்மா. ஒரு வாய் கூட இறங்கலை. என் சமையல் லட்சணம் அப்படி. தெம்பா இருக்க வேண்டிய நேரத்துல மனுஷனைப் பட்டினி போட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

"தப்பா? இது வெறும் வயித்துல எடுக்கற ரத்தம் சார். ஒரு வாய் சாப்பிட்டிருந்தா நான் அப்படியே திரும்பிப் போயிருப்பேன். ஆபரேஷன் ஒரு மாசம் தள்ளிப் போயிருக்கும்."

மெக்கானிக் போனைத் தேடி எடுத்து, மனைவியின் செய்தியைத் திறந்து அவளிடம் நீட்டினான். அவள் படித்தாள். சிரிப்பை அடக்க முயன்று முடியவில்லை. "அவங்க விரதம்னு சொல்லியிருப்பாங்க சார். போன் புரதம்னு எழுதிக்கிச்சு" என்றாள்.

விடிந்ததிலிருந்து முதல்முறையாக மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மூன்று குழாயில் ரத்தம் எடுத்து முடித்ததும், முழங்கையில் பஞ்சை வைத்து மடக்கிக்கொண்ட மாமனார், இன்னொரு கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். முதல் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் கடித்த சத்தம் கேட்டது. தட்டு பாதி காலியான பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரமும் இதையே போட மாட்டீங்களே?" என்று கேட்டார்.

கேள்வி மெக்கானிக்குக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

"உப்பு மாமா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும், சாப்பிடக் கூடாதுன்னு. அதைச் சொல்லிட்டா முடிஞ்சுதே. காலையிலேர்ந்து யார்கிட்டதான் போன் பேசினீங்க?"

மாமனார் அவசர அவசரமாக ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். பெட்டியை மூடிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்கிட்டதான் சார். வெறும் வயிறா இருக்கணும்னு நேத்து நான் கூப்பிட்டுச் சொன்ன நம்பருக்கே. 'மாப்பிள்ளை முதல் தடவையா எனக்காகச் சமைக்கறாரும்மா, வேண்டாம்னா முகம் வாடிப் போகுது, அவர் மனசு நோகாம தள்ள ஒரு காரணம் சொல்லும்மா'ன்னு நாலு தடவை கூப்பிட்டாரு. நாலாவதுக்கு எனக்கும் ஒண்ணும் தோணலை, உப்பு கம்மின்னு சொல்லச் சொன்னதே நான்தான்."